வாசல் கேமரா டிஸ்க்

கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்மா. மேல மூணு கையெழுத்து இருக்கு பாருங்க. முதல்ல இருக்கறது என்னோடது, ஜெகதீசன், செகரட்டரி. நடுவுல பிரசிடெண்ட். கீழ கோணல்மாணலா இருக்கே, அது அவன் போட்டது. எங்க வாட்ச்மேன் சந்தனம். வெளியில படிக்கட்டுல காக்கிச் சட்டையோட உட்கார்ந்திருக்கான் பாருங்க, அவன்தான். ஒட்டினது ஒட்டினபடி இருக்குன்னு நீங்களும் பாத்துக்கிட்டீங்கல்ல? நாளைக்கு வழியில எதையோ மாத்திட்டான் ஜெகதீசன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. ஆட்டோவுலகூட எனக்கும் அவனுக்கும் நடுவுல சீட்டுல வச்சுத்தான் கொண்டாந்தோம்.

சரி, பிரிங்க. முதலாளி எப்ப வருவாரு? நீங்கதானா? ஓ. கடை போர்டுல வஹீதான்னு போட்டிருந்துச்சு, வீட்டம்மா பேர்ல நடத்தறார் போலன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. நான் டெலிபோன்ஸ்ல முப்பத்தி மூணு வருஷம் இருந்தவன். எங்ககிட்டயும் லேடீஸ் உண்டு, ரொம்ப நல்லா வேலை பார்ப்பாங்க. ஆபரேட்டரா.

பன்னெண்டரைக்கு மீட்டிங்மா. இப்ப மணி பத்தே முக்கால். அதுக்குள்ள இந்தக் கேமரா டிஸ்க்குல இருந்து ஒன்பதாம் தேதி சாயங்காலம் நாலு மணியில இருந்து நாலரை வரைக்கும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும். அரை மணி நேரப் படம். வேற ஒண்ணும் வேண்டாம்.

விஷயம் என்னன்னா, காவேரி ஃப்ளாட்ஸ்னு எங்களோடது இருபத்தி நாலு வீடு. பி-நாலுல ஜெஸிந்தான்னு ஒரு பொண்ணு, நர்ஸு. மஸ்கட்ல வேலை கிடைச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். அவளோட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டெல்லாம் முத்திரை குத்தி டெல்லியில இருந்து கூரியர்ல திரும்பி வந்துச்சு. வந்துச்சுங்கறதுல சந்தேகமே இல்ல, சந்தனம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கான். அந்தப் பொண்ணு அன்னிக்கு டூட்டியில. சரி, அந்தக் கூரியர் கவர் எங்கடான்னா, "செகரட்டரி சார் கையில குடுத்தேன்"ங்கறான். என் கையிலயாம்! கேட்டீங்களா? வீடு பூட்டியிருந்தா முக்கியமான தபாலை செகரட்டரிகிட்ட குடுக்கணும்னு ரூல் போட்டதே நான்தான். அந்த ரூலை வச்சு என்னையே மாட்டிவிடப் பாக்கறான். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

நான் வாங்கலம்மா. வாங்கியிருந்தா எனக்குத் தெரியாதா? நானூறு டெலிபோன் நம்பர் மனப்பாடமா வச்சிருந்தவன் நான். அதுலயும் அன்னிக்குச் சாயங்காலத்தை என்னால மறக்கவே முடியாது. கண்ணாடி மாதிரி இருக்கு. நாலே காலுக்கு பூனாவுல இருந்து எங்க மாப்பிள்ளை போன். என் பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. பதினோரு வருஷம் கழிச்சு! பையன். ரெண்டு கிலோ எண்ணூறு கிராம். "மாமா, உங்க மூக்கு"ன்னார் மாப்பிள்ளை. நேரா மேல ஓடிப்போய் வீட்டுல சொன்னேன். முதல்ல அவகிட்டத்தான் சொன்னேன், அவ அழுதா, நானும் அழுதேன். இவ்வளவும் ஞாபகம் இருக்கு. ஒரு கவர் வாங்கினது மட்டும் மறந்து போயிடுமா? நீங்களே சொல்லுங்க.

டிஸ்க்கைப் பாத்தீங்களா? பாத்து, பாத்து.

அவன் ரூமை சோதனை போட்டோம். போடாம எப்படி? மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம் குடுத்திருக்கோம், அவனும் பொண்டாட்டி பஞ்சவர்ணமும் ரெண்டு புள்ளைங்களும். நானும் பிரசிடெண்ட்டும் இன்னும் ரெண்டு பேரும் போனோம். டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அந்தம்மா ஒவ்வொரு துணியா எடுத்து வெளிய வச்சுது. உள்பாவாடை முதக்கொண்டு. புள்ளைங்க ஸ்கூல் பையைக் கவுத்துக் கொட்டினோம். ஒண்ணும் இல்ல. இருக்குமா, ஒளிச்சு வச்சவன் ரூம்லயா வைப்பான்? மரியாதையாத்தான் நடந்துக்கிட்டோம், யாரும் கை ஓங்கல. அதுக்கே அவன் வாசல்ல நின்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி, "கேமராவைப் பாருங்க சார், அதுல எல்லாம் இருக்கும்"னு கத்தினான். என்கிட்ட அவன் குரல் உசந்தது அதுதான் முதல் தடவை.

பாக்கலாம்டா, எனக்கென்ன பயம்னேன். கேமரா பொட்டி அசோசியேஷன் ரூம்ல இருக்கு. பாஸ்வேர்டு கேட்டுச்சு. பாஸ்வேர்டு என்கிட்டதான் இருந்துச்சு. எழுதி ஒரு இடத்துல பத்திரமா வச்சிருந்தேன். எந்த இடம்ங்கறதுதான்... அதை விடுங்க. பாஸ்வேர்டு எதுக்கு? படம் எங்க இருக்கு? பொட்டிக்குள்ள ஒரு ஹார்ட் டிஸ்க், அதுலதான் எல்லாம். ரெண்டு ஒயரைப் புடுங்கி, நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, என் வீட்டு கம்ப்யூட்டர்ல மாட்டினா முடிஞ்சு போச்சு. எக்ஸ்சேஞ்சையே பிரிச்சு மாட்டினவனுக்கு இது ஒரு வேலையா?

ஆஃப் பண்ணிட்டுக் கழட்டினேனான்னா? இல்ல, ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. கையில அதிர அதிரச் சுத்திட்டு இருந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. ஏம்மா முகத்தை அப்படி வச்சுக்கறீங்க?

சரி, நான் மறைக்கல, எல்லாத்தையும் சொல்லிடறேன். மாட்டினேன். கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பாத்துச்சு. ஆனா படம் எதுவும் காட்டல. ஒரு கேள்வி கேட்டுச்சு, இந்த டிஸ்க்கைத் தயார் பண்ணாத்தான் உபயோகிக்க முடியும், பண்ணட்டுமான்னு. நான் என்ன நெனப்பேன்? லைன் சரியில்ல, சரி பண்ணவான்னு கேக்குதுன்னு நெனச்சேன். பண்ணுன்னேன். அடுத்து ஃபார்மட் பண்ணவான்னுச்சு. அதுக்கும் சரின்னேன். பத்தே செகண்டு. டிஸ்க் வந்துடுச்சு, உள்ள போய்ப் பாத்தா காலி. சுத்தமா காலி.

அன்னியில இருந்து பேச்சைப் பாக்கணுமே! வேணும்னே அழிச்சுட்டாராம். ஏ-ரெண்டு லலிதா மாமி லிஃப்டுல என்னோட ஏறல, அடுத்ததுல வரேன்னுட்டாங்க. பதினாலு வருஷமா செகரட்டரி, ஒரு பைசா வம்பு கிடையாது, எனக்கு இந்தப் பேரு. அதனாலதான் வந்திருக்கேன். அந்தப் படம் வரணும். அவன் அந்தக் கவரை எங்க கொண்டுபோனான்னு இருபத்தி நாலு வீடும் பாக்கணும். பாத்துட்டு இன்னிக்குச் சாயங்காலமே ரூமைக் காலி பண்ணச் சொல்லணும். படம் இல்லைன்னாலும் அவனை அனுப்பத்தான் போறோம், அது முடிவாயிடுச்சு. ஆனா என் பேர் போனது போனதுதானே?

மாட்டுங்க, மாட்டுங்க. அகலமான ஒயர் கரண்ட்டுக்கு, குறுகலானது பேச்சுக்கு. தெரியும்மா. டெலிபோன்ல ரெண்டும் ஒரே ஜோடி ஒயர்ல போகும், இதுல தனித்தனி. அது என்ன நடுவுல ஒரு சின்னப் பொட்டி? எழுத விடாதா? கம்ப்யூட்டர் எழுதுன்னு சொன்னாலும் டிஸ்க் வரைக்கும் போக விடாம நிறுத்திடுமா? அடக் கடவுளே, இது ஒண்ணு என் வீட்டுல இருந்திருந்தா நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன்.

சுத்துது. சத்தம் கேக்குது. ஆனா என்ன அது... டிக், டிக்னு? என் வீட்டுல இப்படிச் சத்தம் வரலையே. அப்புறம் ஒரு தடவை மேஜையில இருந்து... விழல, சரிஞ்சுது. பிடிச்சுட்டேன். ஏறக்குறைய பிடிச்சுட்டேன்.

கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரலையேம்மா. ஸ்க்ரீன்ல அது பேரையே காணோமே.

அப்படியா? முதல்ல கம்ப்யூட்டர் யார் நீன்னு கேக்கும், டிஸ்க் தன் பேரு, நம்பரு, எவ்வளவு பெருசுன்னு பதில் சொல்லணும், அப்புறம்தான் மத்த பேச்செல்லாமா? அந்த விவரத்துலயும் பாதியை அது தன்னோட தட்டுலயேதான் எழுதி வச்சிருக்குமா? அதைப் படிக்கத்தான் உள்ள இருக்கற முள்ளு போய்ப் போய்த் திரும்புதா? படிக்க முடியலைன்னா வாயே திறக்காதா? அப்ப போச்சா? சொல்லுங்கம்மா, போச்சா?

வெளிய பாருங்க, எந்திரிச்சு நிக்கறான். கண்ணாடி வழியா இங்கயே பாக்கறான். வர வேண்டாம்னு கையைக் காட்டுங்க. உள்ள வந்தா நின்னு மூச்சு விட்டுக்கிட்டு இருப்பான்.

இன்னொரு தடவை போடுங்க. ஒயரை மாத்திப் பாருங்களேன், சில சமயம் ஒயர்தான் வில்லங்கம் பண்ணும். நிறுத்திட்டு ஆறவிட்டுப் போடறீங்களா? சரி, சரி, நான் பேசல. நீங்க காது குடுத்துக் கேளுங்க.

டிக் நின்னுடுச்சு! வந்துடுச்சு பாருங்க, பேரு வந்துடுச்சு, நம்பர் வந்துடுச்சு! வஹீதாம்மா, நீங்க நல்லா இருக்கணும்.

மறுபடி நிறுத்தக் கூடாதா? ஒரு தடவை நிறுத்தினா திரும்பப் பேசும்னு உறுதி கிடையாதா? அப்ப கரண்ட்டு போயிட்டா? யூபிஎஸ் இருக்குல்ல? அப்பாடா.

உள்ளதான் காலியாச்சே, எங்கம்மா தேடுவீங்க? என்னது? காலி இல்லையா? இருங்க, நிதானமாச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் படம் குடு, கடுதாசி குடுன்னு கேக்காது. இத்தனாவது கட்டத்துல இருக்கறதைக் குடுன்னு நம்பர் சொல்லித்தான் கேக்கும். டிஸ்க்கும் அந்தக் கட்டத்துல இருக்கறதை அப்படியே தூக்கிக் குடுத்துடும், அது படமா பாட்டான்னு அதுக்குத் தெரியாது. எந்தப் படம் எந்தக் கட்டம்னு ஒரு பட்டியல் முன்னாடி பக்கத்துல இருக்கும். கேமரா பொட்டி தன் பாஷையில எழுதின பட்டியல் என் கம்ப்யூட்டருக்குப் புரியல, அதனால வெத்து டிஸ்க்குன்னு நெனச்சுக் கேட்டிருக்கு. நான் சரின்னதும் முன்பக்கத்துல மட்டும் தன் பட்டியலை எழுதிட்டுப் போயிடுச்சு. அப்ப உள்பக்கமெல்லாம்? அப்படியே இருக்கா? இருக்கா!

இதை நீங்க மீட்டிங்ல வந்து சொல்லணும்மா. நான் அழிக்கல. டேய் சந்தனம்... வேண்டாம், அங்கயே இருக்கட்டும். படம் வரட்டும், அப்புறம் கூப்பிடலாம்.

எண்ணு ஏறிக்கிட்டே இருக்கு. ஒண்ணாந்தேதி, நாலாந்தேதி, ஏழு. அந்தச் சிவப்பு என்ன? அந்தக் கட்டம் வரலையா? இது கேட்டுக்கிட்டே நிக்குது, அது பதில் சொல்ல மாட்டேங்குதா? விட்டுத் தள்ளுங்க, அங்கயே நின்னு நோண்டினா திரும்ப டிக் டிக்னு ஆரம்பிச்சுடப்போகுது. தாண்டிப் போயிட்டு அப்புறம் வாங்க. மணி பதினொண்ணு நாப்பது ஆச்சு. பிரசிடெண்ட் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.

ஒன்பது! ஒன்பதாம் தேதி, வாசல் கேமரா. நாலு மணி... போங்க, மெதுவா போங்க. கூரியர்காரன் வரான். ஹெல்மெட்டு. சந்தனம் கையெழுத்துப் போடறான், கவரை வாங்கறான். பாத்தீங்களா, வாங்கிட்டான். இப்பப் பாருங்க எங்க கொண்டுபோறான்னு. மேஜை மேல வைக்கறான். சும்மா உட்கார்ந்திருக்கான். நடிக்கறான்மா, கேமரா இருக்கறது அவனுக்குத் தெரியும்.

யாரோ வராங்க. யாருது? மேல இருந்து எடுத்திருக்கறதால மூஞ்சி தெரியல. உச்சி முழுக்க வழுக்கை. பி-ஏழு கணக்கு வாத்தியாரா இருக்கும், அவருக்குத்தான் இந்த மாதிரி. ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறார் பாருங்க, மூட்டு வலி. சந்தனம் எந்திரிச்சு நின்னு கவரைக் குடுக்கறான். வாங்கிட்டார்! வாத்தியார் வாங்கியிருக்கார்மா! ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன், கல்லுளிமங்கனா உட்கார்ந்திருந்தாரே. அக்குள்ல வச்சுக்கிட்டார். போன் வருது அவருக்கு. பாக்கெட்டுல இருந்து...

நிறுத்துங்க.

அந்தச் சட்டை... கட்டம் போட்ட சட்டை எல்லார்கிட்டயும்தான் இருக்கும். டைம் சரியா இருக்கான்னு பாருங்கம்மா. இந்தக் கேமராவுல டைம் எப்பவுமே தப்பாத்தான் இருக்கும், நானே கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன். இது வேற நாளா இருக்கலாம். நாலு பதினஞ்சுன்னு போட்டிருக்கா?

போடுங்க. முழுசாப் போடுங்க.

ஆமா. நான்தான். என் மண்டையை மேல இருந்து நான் பாத்ததில்லம்மா.

சந்தனத்தோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டிருக்கேன். குலுக்கறேன். அவன் சிரிக்கறான். என்னமோ சொல்றான், கும்பிடறான் எனக்கு. அவன்கிட்டத்தான் முதல்ல சொல்லியிருக்கேன். பேரன் பொறந்த சேதியை என் வீட்டுக்காரிக்கு முன்னாடி இவன்கிட்ட சொல்லியிருக்கேன், எனக்கு அது துளிகூட ஞாபகம் இல்ல.

வெளிய கார் வருது, அவன் கேட்டைத் திறக்க ஓடறான். நான் பேசிக்கிட்டே பக்கத்துல இருக்கற கரண்ட் மீட்டர் ரூம் பூட்டைத் திறக்கறேன். அன்னிக்கு ரீடிங் எடுக்கத்தானே இறங்கினேன். உள்ள போறப்ப கவர் இருக்கு. வெளிய வரப்ப இல்ல. பூட்டறேன். மேல போறேன். ஓடறேன் பாருங்க, மூட்டு வலிக்காரன்.

அந்த ரூமுக்கு வேற யாரும் போறதில்ல. சாவி என்கிட்டதான். இதோ, இந்தப் பாக்கெட்டுலயே இருக்கு. மீட்டர் போர்டு மேல வச்சிருப்பேன். ஜெஸிந்தா ஊருக்குப் போயிடலாம். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் குறைச்சல் வராது.

தண்ணி வேண்டாம்மா. சரி, குடுங்க.

நீங்களே அவனைக் கூப்பிடுங்க. எனக்கு அந்தக் கதவைத் திறக்க முடியல.

வாப்பா சந்தனம். செருப்போடயே வா, பரவால்ல. இங்க வந்து உட்காரு. நீ உட்காரு, நான் நிக்கறேன். அம்மா, முதல்ல இருந்து போடுங்க, அவன் பாக்கட்டும்.

பாத்தியா? நீ சொன்னதுதான் சரி. என் கையிலதான் குடுத்திருக்கே. நான் வேணும்னு சொல்லலப்பா, என் பேரன்மேல சத்தியமா... சரி, சத்தியம் பண்ணல. பன்னெண்டரைக்கு எல்லார் முன்னாடியும் நானே எந்திரிச்சு நின்னு சொல்றேன். ரூமெல்லாம் நீ காலி பண்ண வேண்டாம். என்னைத் திட்டேன்டா. ஏதாவது பேசேன். எட்டு நாளா எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடன்னேன், ஒரு வார்த்தையாவது சொல்லு.

என்னது? படத்துல ஒரு காப்பி உனக்கு வேணுமா? உனக்கு எதுக்குப்பா, அதான் நானே மீட்டிங்ல போட்டுக் காட்டப்போறேனே. அதுக்கு இல்லையா? அப்ப யாருக்கு?

பஞ்சவர்ணத்துக்கா?

அவளும் கேக்கறாளா? பெட்டியைக் கொட்டின அன்னியில இருந்து தினமும், எங்க வச்சே, என்கிட்டயாவது சொல்லுன்னு கேக்கறாளா? உன் பொண்டாட்டியே?

வஹீதாம்மா, படத்தைக் காப்பி எடுங்க. அவர் போன்லயே ஏத்திக் குடுத்துடுங்க, இப்பவே, நாங்க இந்தப் படி இறங்கறதுக்கு முன்னாடி. நாலு மணியில இருந்து நாலரை வரைக்கும் முழுசா. டிஸ்க்கையும் அவர்கிட்டயே குடுங்கம்மா. என் கையில குடுக்காதீங்க.